பாம்ஃபிலும் காஞ்சொறியும்

என் அண்ணன் பாம்ஃபிலுக்குச் சும்மா உட்காரத் தெரியாது. கலாட்ஸ் நகரத்து அடுக்குமாடிக் குடியிருப்புகளில் முப்பத்தெட்டு வருடம் லிஃப்ட் பழுது பார்த்தவன். யார் வீட்டுக்குப் போனாலும் லிஃப்டின் சுவரில் காதை வைத்து, "மூணாவது மாடி தாண்டுறப்ப இருமுது பாரு" என்பான். கல்யாணத்துக்குப் போனால் மணமக்களைப் பார்ப்பதற்கு முன்னால் மோட்டார் அறையைப் பார்க்க மேலே ஏறிவிடுவான். அவன் மனைவி லியோன்டினா அவனுடைய கோட்டைக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு தனியாகப் போய் வாழ்த்திவிட்டு வருவாள்.

நான் அவன் தங்கை, தெஸ்பினா. இரண்டு வயது இளையவள். இதே ஊரில் இருபத்தொன்பது வருடம் டிராம் ஓட்டி ஓய்வு பெற்றேன். பொறுமை எனக்கும் கிடையாது. ஆனால் நான் போக வேண்டிய வழியைத் தண்டவாளம் பார்த்துக்கொண்டது. அவனை யாராலும் கட்டிப்போட முடிந்ததில்லை, போன பிப்ரவரியில் ரத்தப் புற்றுநோய் வந்து ஆஸ்பத்திரியில் தனியறையில் போட்டுப் பூட்டும்வரை.

அவனுக்குப் பெருமை இரண்டு. தன் கைபட்ட லிஃப்ட் எதுவும் விழுந்ததில்லை என்பது ஒன்று. தனக்குப் பென்சிலின் ஒத்துக்கொள்ளாது என்பது இன்னொன்று. இரண்டாவதைத்தான் அதிகம் சொல்வான். எட்டு வயதில் பென்சிலின் ஊசி போட்டுக்கொண்டு செத்துப் பிழைத்த கதை எங்கள் குடும்பத்தில் ஈஸ்டர் முட்டை மாதிரி, வருடம் தவறாமல் மேசைக்கு வரும். நான் சின்னவளாக இருந்தபோது அதில் வெறும் தடிப்பும் அரிப்பும்தான் இருந்தன. அவனுக்குக் கல்யாணமானபோது கதையில் கண் இமைகளும் வீங்கியிருந்தன. மகன் பிறந்தபோது உதடு நீலமாகியிருந்தது. கடைசியாக நான் கேட்டபோது இதயம் நின்று, பாதிரியார் வந்து, சாகிறவர்கள் கையில் கொடுக்கும் மெழுகுவர்த்தியை அவன் கையில் கொடுத்தே விட்டிருந்தார்கள். மேசையைச் சுற்றி எல்லோரும் சிலுவை போட்டுக்கொள்வார்கள். நான் மட்டும் தட்டைப் பார்த்துச் சாப்பிடுவேன்.

ஏனென்றால் அன்றைக்கு அங்கே இருந்தவள் நான். அது பென்சிலின் அல்ல. காஞ்சொறி.

எங்கள் தலைமுறையில் பாதிப் பேருக்கு அந்த ஊசியைத் தெரியும். அடிக்கடி தொண்டை வலி வந்து, மூட்டு வலித்து, ரத்தப் பரிசோதனையில் ஏதோ ஓர் எண் ஏறியிருந்தால் போதும், மாதம் ஒரு பென்சிலின் ஊசி, வருடக்கணக்கில். மருந்து கெட்டியாக இருக்கும். இடுப்புக்குக் கீழே போட்டால் இரண்டு நாளைக்குக் காலை இழுத்துக்கொண்டுதான் நடக்க வேண்டும். பாம்ஃபிலுக்கு அப்போது பத்து ஊசி முடிந்திருந்தது. பதினோராவது ஊசிக்கு அடுத்த நாள் எங்கள் தெருவுக்கும் மேலத் தெருவுக்கும் கால்பந்து.

அந்த ஆட்டம் போனது போனதுதான், பன்னிரண்டாவது ஊசி மட்டும் வரவே கூடாது என்றான். திட்டம் அவனுடையது, கைவேலை என்னுடையது. ஊசி போட்டு முடிந்ததும் அம்மா எதிர்க்கடையில் பாலாடைக்கட்டி வரிசையில் போய் நின்றாள். மருத்துவமனைக் கொல்லையில், வேலியோரம், பட்டால் தோல் தடித்து அரிக்கும் காஞ்சொறி, இடுப்பளவு. நான் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு பிடுங்கிக் கொடுத்தேன். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு கையிலும் கழுத்திலும் வயிற்றிலும் தேய்த்துக்கொண்டான். எனக்குக் கூலி ஒரு வாரத்துக்கு அவன் சைக்கிள். சைக்கிள் கிடைத்தது, அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அம்மா முன்னால் போய்ப் பொத்தென்று விழுந்தான். அவ்வளவு நன்றாக விழுவான் என்று நானே நினைக்கவில்லை. அம்மா போட்ட சத்தத்தில் வரிசையே கலைந்தது. பெரிய டாக்டர் ஓடிவந்து, சட்டையைத் தூக்கிப் பார்த்து, அவனுடைய மருத்துவக் குறிப்பேட்டில் பென்சிலின் ஒவ்வாமை என்று சிவப்பு மையால் எழுதினார். ஊசி போட்ட சிஸ்டர் ஒலிம்பியா காலியான கண்ணாடிக் குழலைக் கையில் பிடித்தபடி சுவரோரம் நின்றாள். முப்பது வயது இருக்கும். அவள் முகம் வெளுத்திருந்தது எனக்கு இன்னும் தெரிகிறது.

அப்பா கப்பல் கட்டும் தளத்தில் மேஸ்திரி, கம்யூனிஸ்ட் கட்சிக் கூட்டங்களில் முன்வரிசைக்காரர். விடுவாரா? புகார் எழுதினார். சோதித்துப் பார்க்காமல் ஊசி போட்டாள் என்று விசாரணை வந்தது. படகில் மட்டுமே போகக்கூடிய ஒரு டெல்டா கிராமத்துக்கு சிஸ்டர் ஒலிம்பியாவை மாற்றினார்கள். ஆறு வருடம். அம்மா அதைச் சொல்லும்போதெல்லாம் பாம்ஃபில் எழுந்து வெளியே போய்விடுவான். அவன் கதையில் மெழுகுவர்த்தி இருக்கும், பாதிரியார் இருப்பார், சிஸ்டர் மட்டும் இருக்க மாட்டாள்.

இன்னொன்று. மார்ச் மாதம் வந்தால் எங்கள் ஊரில் எல்லா வீட்டிலும் இளம் காஞ்சொறியை வேகவைத்துப் பூண்டு போட்டு மசிப்பார்கள். ஐம்பத்து மூன்று வருடத்தில் அவன் ஒரு கரண்டி தொட்டதில்லை. கேட்டால், "நான் என்ன ஆடா?" என்பான்.

இப்போது ஆஸ்பத்திரிக் கதைக்கு வருகிறேன். அவனுடைய கோப்பின் மேலட்டையில் சிவப்பு எழுத்தில், இரண்டு கோடு போட்டு: பென்சிலின் ஒவ்வாமை, உயிருக்கு ஆபத்து. யார் சொன்னது? அவனேதான், முதல் நாளே, மெழுகுவர்த்தி உட்பட.

புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிய ஒன்பதாம் நாள் காய்ச்சல் வந்தது. அந்த மருந்து கெட்டதையும் கொல்லும், நல்லதையும் கொல்லும். கிருமியோடு சண்டை போடுகிற வெள்ளை அணுக்கள் அவன் உடம்பில் அன்றைக்கு ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. நமக்கெல்லாம் ஒரு நாள் சோர்வோடு போகிற காய்ச்சல் அவனைப் போன்றவர்களை இரண்டு நாளில் முடித்துவிடும். அப்படியும் படுத்துக் கிடந்தானா? காலையில் நர்ஸ் வந்து என்னிடம் முறையிட்டாள்.

"உங்க அண்ணன் ஸ்பூனை வெச்சுக் கட்டில் கைப்பிடியக் கழட்டிட்டாருங்க. கேட்டா, கிரீச்சுனு சத்தம் வருதாம்."

"திரும்ப மாட்டினானா?"

"மாட்டினாரு. சத்தம் போயிடுச்சு. அது வேற விஷயம்."

மூன்றாம் நாள் அவன் எதையும் கழற்றவில்லை.

டாக்டர் ஸ்மராண்டா எங்களைக் கூப்பிட்டாள். முப்பத்தைந்து வயது இருக்கும், தூங்கிப் பல நாள் ஆன கண்கள். லியோன்டினா காபிப் பொட்டலமும் சாக்லேட்டும் பையில் வைத்திருந்தாள், கொடுக்கலாமா வேண்டாமா என்று பையைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள்.

"ரத்தத்துல கிருமி எதுன்னு தெரிஞ்சிடுச்சு. இதுக்கு நேரான மருந்து ஆம்பிசிலின். பழைய மருந்துதான், நம்மகிட்ட பெட்டி பெட்டியா இருக்கு. ஆனா அது பென்சிலின் குடும்பம். அதனால மாத்து மருந்து போட்டோம். காய்ச்சல் அடங்கல, சிறுநீரகத்த அடிச்சிடுச்சு. அதையும் நிறுத்தணும். அடுத்து இருக்கறது இதவிட வலுக் கொறஞ்சது" என்றாள் டாக்டர்.

"கொஞ்சமா போட்டுப் பாக்க முடியாதா?" என்றாள் லியோன்டினா.

"சின்ன வயசுல வெறும் தடிப்பு வந்ததுன்னா கொஞ்சமா கொடுத்துப் பாப்போம். அப்படி எழுதி வெச்சிருக்கறவங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு நிஜத்துல ஒண்ணும் இருக்காது. ஆனா இவரு இதயம் நின்னுச்சுன்னு சொல்றாரு. இப்ப இருக்கற நிலைமையில இன்னொரு தடவை நின்னா திருப்பிக் கொண்டுவர முடியாது. அந்தக் காலத்து ரெக்கார்ட் ஏதாவது இருக்கா? பாத்தவங்க யாராவது இருக்காங்களா?"

லியோன்டினா என்னைப் பார்த்தாள். நான், "யோசிச்சுச் சொல்றேன்" என்று எழுந்துவிட்டேன்.

யோசிக்க என்ன இருக்கிறது? ஆனாலும் கால் நிற்கவில்லை. வெளியே வந்து முதலில் வந்த டிராமில் ஏறினேன், கடைசி நிறுத்தம்வரை போனேன், இறங்காமல் திரும்பி வந்தேன், மறுபடி போனேன். ஓட்டிய பெண் என்னை அடையாளம் கண்டு, "என்னக்கா, பழைய நெனப்பா?" என்று சிரித்தாள். எனக்குப் பயம். எனக்கு ஆறு வயதில் நடந்தது அது. காஞ்சொறி பிடுங்கியது நிஜம். ஆனால் ஊசியும் போட்டார்களே! இரண்டும் ஒன்றாக நடந்திருந்தால்? தடிப்பில் பாதி மருந்தினால் வந்திருந்தால்? நான் சொல்லி, அவர்கள் கொடுத்து, அவன் செத்தால் அந்தச் சாவு என் கைக்கு வரும். சொல்லாமல் அவன் செத்தாலும் என் கைக்குத்தான் வரும். இரண்டாவது முறை கடைசி நிறுத்தத்தில் இறங்கினேன். இறங்கியதும் என்மேல் எனக்கே ஆத்திரம் வந்தது. அவனுக்கு நாற்பது டிகிரி செல்சியஸ் காய்ச்சல், நான் டிராமில் ஊர்வலம் போய்க்கொண்டிருக்கிறேன். டாக்ஸி பிடித்துத் திரும்பினேன்.

டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பக்கத்தில் லியோன்டினா. அவள் எனக்குப் பள்ளித் தோழி, என் மூலமாகத்தான் இந்த வீட்டுக்கு வந்தாள். கேட்டு முடித்ததும் என் கையை உதறினாள்.

"காஞ்சொறியா? முப்பத்தொன்பது வருஷமா நான் ஒவ்வொரு மாத்திரை அட்டையையும் கண்ணாடி போட்டுப் படிச்சிருக்கேன்டி! அவன் சட்டப்பையில சீட்டு எழுதி வெச்சிருக்கேன்! என் பிள்ளைக்கு ஆம்பிசிலின் குடுத்த கையக்கூட சோப்புப் போட்டுக் கழுவிட்டுத்தான் அவன் பக்கத்துல போனேன்!"

"அவன்தான் சத்தியம் வாங்கினான்டி."

"ஆறு வயசுச் சத்தியத்த அறுபது வயசுவரைக்கும் வெச்சிருப்பியா? வேற எதையாவது நீ அவ்வளவு நாள் வெச்சிருக்கியா? கட்டின ரெண்டு புருஷனக்கூட வெச்சுக்கல!"

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தாள். "ஆறு வயசு ஞாபகம். நான் நம்பறேன். ஆனா நீங்களே சொல்றீங்க, அன்னிக்கு ஊசியும் போட்டாங்கன்னு. அதுக்கப்புறம் எப்பவாவது அந்த மருந்து அவர் உடம்புல போயிருந்தா, ஒண்ணும் ஆகலைன்னா, எனக்குத் தைரியம் வரும்."

"போகலியே. விடலியே இவ" என்றேன்.

லியோன்டினா பையைத் திறந்தாள், மூடினாள். அவள் காது மடல் சிவந்துகொண்டே வந்தது.

"ஒரு தடவை," என்றாள்.

"என்ன ஒரு தடவை?"

"எண்பத்தெட்டுல. பல்லுல சீழ் புடிச்சுக் கன்னம் பூசணிக்கா மாதிரி வீங்கிச்சே, ஞாபகம் இருக்கா? மருந்துக்கடையில ஒண்ணுமே கெடையாது. ராத்திரி பகலா அனத்தறான். கீழ்வீட்டு வாசிலிக்கா டிராயர்ல எப்பவும் மிச்சம் மீதி மாத்திரை இருக்கும். கேப்சூல் தந்தா. என்னன்னு கேட்டேன். ஆம்பிசிலின்னா. வேற இல்லன்னா." அவள் டாக்டரைப் பார்க்காமல் பேசினாள். "கேப்சூலப் பிரிச்சுத் தூளைப் புளிச்சூப்புல கொட்டிக் கலக்கினேன். முதல் தடவை குடுத்துட்டு விடியற வரைக்கும் பக்கத்துல உக்காந்து மூச்சை எண்ணினேன். ஒண்ணும் ஆகல. அஞ்சு நாள் குடுத்தேன். வீக்கம் வத்திடுச்சு."

எங்கள் ஊரில் இது புதிதல்ல. எல்லா வீட்டிலும் அந்த டிராயர் உண்டு. போன காய்ச்சலில் மிஞ்சியது அடுத்த காய்ச்சலுக்கு, எங்கள் வீட்டில் மிஞ்சியது உங்கள் வீட்டுக்கு. ஆளுக்கு ஆள் டாக்டர்.

"அவன் ஒண்ணும் கேக்கலியா?" என்றேன்.

"சூப்பு கசக்குதுன்னான். நீயே சமைச்சுக்கோன்னேன்."

"அப்ப இந்த முப்பத்தஞ்சு வருஷமும் அட்டையப் படிச்சியே, அது எதுக்கு?"

"அவன் அவ்வளவு ஆசையா சொல்றான், அந்தக் கதைய," என்றாள். "அப்புறம் எனக்கே பயம். அந்த ஒரு தடவை கடவுள் விட்டுட்டாரு போலன்னு நெனச்சேன்."

டாக்டர் ஸ்மராண்டா இரண்டு உள்ளங்கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. கையை எடுத்தபோது இரண்டும் இல்லை. "அஞ்சு நாள் முழுசா போயிருக்கு. போதும். பத்துல ஒரு பங்கு முதல்ல குடுத்து, பக்கத்துல நின்னு பாத்துட்டு, அப்புறம் முழு டோஸ். அவரு கையெழுத்துப் போடணும். சீக்கிரம்."

மேலங்கி, முகமூடி, தலைக்கு உறை எல்லாம் மாட்டி எங்களை உள்ளே விட்டார்கள். பாம்ஃபில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். உதடு வெடித்திருந்தது. ஆனால் கட்டை விரல் மட்டும் போர்வை ஓரத்தைத் திருகிக்கொண்டே இருந்தது, நட்டு கழற்றுகிற மாதிரி. டாக்டர் விஷயத்தைச் சொன்னாள். அவன் திரும்பினான்.

"முடியாது."

"அண்ணே, நான் எல்லாத்தையும் சொல்லிட்டேன்" என்றேன்.

"என்ன சொன்ன?"

"காஞ்சொறி."

"இவளுக்கு அப்ப ஆறு வயசு டாக்டர். மூக்கு ஒழுகினா தொடைக்கத் தெரியாது. எனக்கு இதயமே நின்னுச்சு. பாதிரியார் வந்தாரு."

"எந்தப் பாதிரியார்டா? அப்பா கட்சியில இருந்தாரு! வீட்டுப் பக்கம் பாதிரியார விட்டிருப்பாரா?" அண்ணே போய் 'டா' வந்துவிட்டது.

"சூப்புல கலந்து குடுத்தேன் பாம்ஃபில். அஞ்சு நாள். மூக்கப் புடிச்சுக்கிட்டுக் குடிச்ச" என்றாள் லியோன்டினா.

அவன் அவள் பக்கம் திரும்பினான். "எனக்கு விஷம் வெச்சியா?"

"வெச்சேன். உயிரோட இருக்கேல்ல? போடு கையெழுத்த."

"ரெண்டு பேரும் சேந்துக்கிட்டு என்னப் பொய்யனாக்கறீங்க. செத்தாலும் சாவேனே தவிர அந்த மருந்த எடுக்க மாட்டேன்." மூச்சு வாங்கியது. தாளைத் தள்ளிவிட்டான், அது கட்டிலுக்குக் கீழே போனது.

டாக்டர் என்னிடம் தணிந்த குரலில், "பயமா இருக்கும்" என்றாள். பயமா? எனக்கு என் அண்ணனைத் தெரியும். பதினோராவது மாடியில் திறந்த கதவில் ஒற்றைக் காலைத் தொங்கவிட்டு வேலை செய்தவன். இது பயம் இல்லை. எனக்கு அப்போதுதான் புரிந்தது. புரிந்ததும் அவன்மேல் இருந்த கோபமெல்லாம் போயிற்று. குனிந்து தாளை எடுத்தேன்.

"சிஸ்டர் ஒலிம்பியாவுக்காகவா?" என்றேன்.

கட்டை விரல் நின்றது.

"அலர்ஜி நிஜம்னா அவ தப்பு. காஞ்சொறின்னா நம்ம தப்பு. அதானே அண்ணே? அதுக்காகத்தானே அந்த மெழுகுவத்தி, பாதிரியார் எல்லாம்?"

அவன் கண்ணை மூடிக்கொண்டான். லியோன்டினா ஏதோ சொல்ல வாயெடுத்தாள், நான் அவள் காலை மிதித்தேன். சலைன் சொட்டுவதை எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"படகுல ஏறறப்ப நான் பாத்தேன்" என்றான் பாம்ஃபில், கண்ணைத் திறக்காமல். "துறைமுகத்துக்குப் போனேன். உனக்குத் தெரியாது. ஒரு பெட்டியும், சட்டியில ஒரு பூச்செடியும் வெச்சிருந்தா. அப்பவே போய்ச் சொல்லியிருக்கலாம். எட்டே எட்டடி தூரம்."

"எட்டு வயசுதான உனக்கு."

"அப்புறம் ஒன்பது வயசு ஆச்சே. முப்பது ஆச்சே. அம்பது ஆச்சே." அழுதான். அழுவதற்கு வேண்டிய தண்ணீர்கூட அவன் உடம்பில் இல்லை, தோள் மட்டும் குலுங்கியது. "சொல்லச் சொல்ல நெசமாயிடுச்சு தெஸ்பினா. சில நாள் எனக்கே மெழுகுவத்தி ஞாபகம் வரும். சத்தியமா."

"இப்ப சொல்லு. டாக்டர்கிட்ட சொல்லு. உன் வாயால."

"காஞ்சொறிதான்" என்றான். "ஊசிக்கு ஒண்ணும் ஆகல. முன்னாடி பத்து ஊசிக்கும் ஒண்ணும் ஆகல."

டாக்டர் தாளை நீட்டினாள். கையெழுத்துக் கோணலாக விழுந்தது.

முதல் சிறு டோஸ் ஏறியபோது அறையில் ஐந்து பேர். ஒரு நர்ஸ் மருந்து நிரப்பிய ஊசியோடு தயாராக நின்றாள், ஏதாவது ஆனால் போட. டாக்டர் அவன் முன்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் நின்றேன், உட்கார்ந்தேன், மறுபடி நின்றேன். ஒருவேளை நான் நினைப்பது தவறு என்றால்? ஒருவேளை இந்த முப்பத்தைந்து வருடத்தில் ஒவ்வாமை புதிதாக வந்திருந்தால்?

"அரிக்குதா?" டாக்டர் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை கேட்டாள்.

"இல்ல."

"தொண்டை?"

"சூப்புல வெஷம் வெச்சவளப் பாத்தாத்தான் தொண்டையில என்னமோ பண்ணுது."

லியோன்டினா முகமூடிக்குள் ஓவென்று அழுதாள். ஒரு மணி நேரம் கழித்து முழு டோஸ் போட்டார்கள். கை வெறும் கையாகவே இருந்தது, வெளுத்து, ஊசித் தழும்புகளோடு. மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கியது. ஐந்தாம் நாள் நர்ஸ் வந்து, சலைன் மாட்டும் கம்பியின் சக்கரத்தை அவன் கழற்றிவிட்டதாகச் சொன்னாள். அவளைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தேன். லியோன்டினாவின் பையிலிருந்த சாக்லேட் ஒருவழியாக அவளுக்குப் போனது. டாக்டர் அட்டையிலிருந்த சிவப்பு எழுத்தைக் குறுக்கே அடித்து, தேதி போட்டு, கையெழுத்திட்டாள். அவன் அதை வாங்கி, ரொம்ப நேரம் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான்.

வீட்டுக்கு வந்தபோது ஜூன், தெருவெல்லாம் லிண்டன் பூ வாசம். கூட்டத்துக்குள் போகக்கூடாது, முகமூடி இல்லாமல் வெளியே வரக்கூடாது, பச்சைக் காய் கூடாது, மாடி ஏறக்கூடாது, ரத்தம் இன்னும் குறைவு. அவன் காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை எனக்குப் போன் செய்தான். "சிஸ்டர் ஒலிம்பியா இருக்காளா? விசாரிச்சியா?" எனக்கும் இருப்புக்கொள்ளவில்லை. டிராம் டிப்போவில் பழைய ஆட்களைக் கேட்டேன். ஒருத்தியின் மாமியார் வீட்டுக்கு அடுத்த கட்டடம். எண்பத்து மூன்று வயது, தனியாக இருக்கிறாள், ஐந்தாவது மாடி.

நாங்கள் போனபோது லிஃப்ட் கதவில் "பழுது" என்று அட்டை தொங்கியது. பாம்ஃபில் அதைத் தன் முகத்தில் யாரோ துப்பிய மாதிரி பார்த்தான். "எவன்டா இதப் பாத்துக்கறவன்? கேபிள்ல எண்ணெயே இல்ல, துரு வாசம் வருது!" இன்டர்காமும் செத்துக் கிடந்தது. நான் ஏறிப் போய்ச் சொல்லட்டுமா என்றேன். "நீ சொல்றதுக்கு நான் எதுக்கு வந்தேன்?" என்று முற்றத்துக்குப் போனான். பெஞ்சின் பக்கத்தில் நின்று, முகமூடியைக் கழற்றி, மேலே பார்த்துக் கத்தினான்.

"சிஸ்டர் ஒலிம்பியா!"

மூன்று ஜன்னல் திறந்தன. நாலாவதாக ஐந்தாம் மாடி பால்கனியில் ஒரு வெள்ளைத் தலை எட்டிப் பார்த்தது.

"யாரு?"

"நான் பாம்ஃபில்! பென்சிலின் ஊசி போட்டு விழுந்தேனே, அந்தப் பையன்!"

வெள்ளைத் தலை அசையவில்லை. முற்றத்தில் கம்பளம் தட்டிக்கொண்டிருந்த பெண் தட்டுவதை நிறுத்தினாள்.

"ஊசியால இல்ல சிஸ்டர்! காஞ்சொறிய நானே தேச்சுக்கிட்டேன்! வேணும்னே விழுந்தேன்! உங்க மேல தப்பில்ல!" குரல் உடைந்தது. அவனுக்கு அவ்வளவு கத்த மூச்சு இல்லை, ஆனாலும் கத்தினான். "அம்பத்து மூணு வருஷமா பொய் சொன்னேன்!"

பால்கனியில் யாரும் இல்லை. உள்ளே போய்விட்டாள். ஜன்னல்களில் தலைகள் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தன. நான் பாம்ஃபிலைப் பெஞ்சில் உட்காரவைத்து முகமூடியை மாட்டினேன். போகலாம் என்றேன். அவன் வரவில்லை. ஐந்து நிமிடம். பத்து நிமிடம். யாரோ ஒரு ஜன்னலைச் சாத்தினார்கள்.

கட்டடத்தின் கதவு திறந்தது. ஐந்து மாடியும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்திருந்தாள். வீட்டுச் செருப்பு, மேலே ஒரு கம்பளி, கூன் விழுந்த முதுகு. எங்கள் பக்கம் வந்தாள். என்னைப் பார்க்கவில்லை. பாம்ஃபிலின் முன்னால் நின்று, அவன் இடது கையை எடுத்து, சட்டைக் கையை முழங்கைக்கு மேலே மடித்தாள். பழகிய விரல்கள். தோலை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தாள், பிறகு வலது கை. அந்தக் கையை விடாமல் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அப்ப அன்னிக்கு," என்றாள், "நான் ஊசி சரியாத்தான் போட்டேனா?"

"சரியாத்தான் போட்டீங்க, சிஸ்டர்."

"எந்தத் தப்பும் பண்ணல?"

"பண்ணல."

கொஞ்ச நேரம் கழித்து அவள் மறுபடி முதலிலிருந்து கேட்டாள். அவன் மறுபடி சொன்னான். பூ உதிர்ந்துகொண்டிருந்தது. எத்தனை முறை கேட்டாள் என்று எனக்கு ஞாபகம் இல்லை. அவன் கையை அவள் மடியில் விட்டுவிட்டு அசையாமல் உட்கார்ந்திருந்தான்.